யார் இந்த இஷி? தன் இனத்தையே இழந்தவர் விட்டுச்சென்ற வில்லின் கதை

யூடியூபில் கொஞ்சம் தேடினால் போதும். வீட்டு கராஜிலோ மொட்டைமாடியிலோ உட்கார்ந்து, மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, வில் செய்யும் ஆட்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். ஃபைபர்கிளாஸ் இல்லை, உலோகம் இல்லை. மரம், பசை, பொறுமை, அவ்வளவுதான். வார நாட்களில் லேப்டாப், ஞாயிற்றுக்கிழமை இழைப்புளி என்று வாழும் இவர்களில் பலருக்கு ஒரு பெயர் பரிச்சயம்: இஷி.

இஷி எந்தப் போட்டியிலும் பதக்கம் வாங்கியவர் இல்லை. புத்தகம் எழுதியதில்லை. அவருடைய நிஜப் பெயர்கூட யாருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவின் யாஹி பழங்குடியில் தப்பிப் பிழைத்த கடைசி மனிதர் என்று அறியப்பட்டவர். வெளியுலகில் அவர் வாழ்ந்தது நாலரை வருடம்தான். அந்த நாலரை வருடத்தில் ஒரு மருத்துவருக்கு அவர் வில் செய்யக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் நவீன வில்வேட்டை வளர்ந்த கதையில் அது ஒரு முக்கியத் திருப்பம்.

அதே நாலரை வருடக் கதையில், அவர் கொடுக்காமலேயே எடுக்கப்பட்ட ஒன்றும் உண்டு. அதைத் திரும்பப் பெற 80 வருடத்துக்கும் மேல் ஆனது. இஷியின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

தங்கம் தேடி வந்தவர்களும் தப்பி ஓடியவர்களும்

இஷி பிறந்தது 1860-களின் தொடக்கமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஊர், வட கலிஃபோர்னியாவில் லாசன் மலைச்சிகரத்துக்குக் கீழே உள்ள மில் க்ரீக், டீர் க்ரீக் என்ற இரண்டு ஓடைகளின் பள்ளத்தாக்குப் பகுதி. செங்குத்தான பாறைகள், அடர்ந்த புதர், சால்மன் மீன் ஏறிவரும் தண்ணீர், மான். யாஹிகள் அங்கேதான் வாழ்ந்தார்கள். யானா என்ற பெரிய மொழிக் குடும்பத்தின் தென்கோடிக் கிளை அவர்கள். மொத்தமே சில நூறு பேர்.

1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அடுத்த சில வருடங்களில் லட்சக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். சுரங்கக் கழிவால் ஓடைகள் கலங்கி மீன் குறைந்தது. குடியேறிகளின் மாடுகள் மேய்ந்து புல்லும் விதைகளும் போயின. பசியில் யாஹிகள் மாடுகளைப் பிடித்தால், பதிலுக்குத் துப்பாக்கிக் கும்பல் வந்தது. 1865-ல் மில் க்ரீக் ஓரமாக விடியற்காலையில் நடந்த தாக்குதலில் பல டஜன் பேர் கொல்லப்பட்டார்கள். 1871-ல் கிங்ஸ்லி குகையில் சுமார் 30 பேர். அப்போது இஷி சிறு பையன்.

மிஞ்சியவர்கள் ஒளிந்துகொண்டார்கள். ஒரு வாரம், ஒரு மாதம் இல்லை, ஏறக்குறைய 40 வருடம். தடம் தெரியாமலிருக்க பாறைமேல் கால் வைத்து நடப்பது, புகை மேலே போகாதபடி சின்னதாக நெருப்பு மூட்டுவது, புதருக்குள் ஊர்ந்து போக மட்டும் வழி வைப்பது என்று வாழ்ந்தார்கள். துப்பாக்கி வெடித்தால் மைல் கணக்கில் கேட்கும். வில் சத்தம் போடாது. ஒளிந்து வாழ்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிச்சுப் பாருங்க.

1908: வீட்டுக்குள் வந்த அந்நியர்கள்

1908 நவம்பரில் டீர் க்ரீக் பகுதிக்கு ஒரு மின் நிறுவனத்துக்காக நிலம் அளக்க ஆட்கள் வந்தார்கள். புதருக்குள் மறைந்திருந்த ஒரு சின்னக் குடியிருப்பு அவர்கள் கண்ணில் பட்டது. அந்த நேரத்தில் யாஹிகளில் மிச்சமிருந்தது நாலே பேர்: இஷி, அவருடைய வயதான அம்மா, தங்கை அல்லது நெருங்கிய உறவுக்காரப் பெண் ஒருவர், ஒரு முதியவர். மற்றவர்கள் ஓடிவிட, நடக்க முடியாத அம்மா மட்டும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்.

வந்தவர்கள் அந்த அம்மாவை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அங்கே இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். வில், அம்பு, கூடைகள், தோல் போர்வைகள், கருவிகள் எல்லாம் அவர்களுக்கு ஞாபகப் பொருட்கள். குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் அந்த நாலு பேருக்கு அதுதான் மொத்த வாழ்வாதாரம்.

ஓடிய பெண்ணையும் முதியவரையும் இஷி அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அம்மா கொஞ்ச நாளில் இறந்துபோனார். இஷி சுமார் மூன்று வருடம் தனியாக அந்த மலையில் இருந்தார், தன் மொழியில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல்.

1911: காட்டிலிருந்து வந்த மனிதர்

1911 ஆகஸ்ட் இறுதியில் ஓரோவில் என்ற சிறு நகரத்துக்கு அருகே, ஓர் இறைச்சிக் கூடத்தின் தொழுவத்தில், பட்டினியால் மெலிந்த ஒருவர் ஒடுங்கி நின்றிருந்ததை அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள். தலைமுடி ஒட்டக் கருக்கப்பட்டிருந்தது. அது யாஹிகளின் துக்க அடையாளம். ஷெரிஃப் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார். தண்டனைக்காக இல்லை. வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அதனால். செய்தி பரவி ஊரே வேடிக்கை பார்க்க வந்தது.

பத்திரிகையில் படித்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக மானுடவியலாளர் தாமஸ் வாட்டர்மேன் ரயிலேறி வந்தார். கையில் யானா மொழிச் சொற்களின் பட்டியல். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. மஞ்சள் பைன் மரத்துக்கான சொல்லைச் சொல்லி, அந்த மரத்தால் செய்த கட்டில் சட்டத்தைத் தட்டிக் காட்டியபோது அந்த மனிதரின் முகம் மாறியது. பல வருடம் கழித்து அவர் காதில் விழுந்த முதல் சொந்தச் சொல் ஒரு மரத்தின் பெயர்.

செப்டம்பர் தொடக்கத்தில் அவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். பத்திரிகைகள் பெயர் கேட்டன. யாஹி வழக்கத்தில் அந்நியரிடம் தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது, வேறொருவர்தான் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். அப்படி அறிமுகம் செய்துவைக்க ஒருவர்கூட உயிரோடு இல்லை. மானுடவியலாளர் ஆல்ஃப்ரெட் குரோபர் அவருக்கு இஷி என்று பெயர் வைத்தார். யானா மொழியில் அதற்கு மனிதன் என்று அர்த்தம். கடைசி வரை அந்தப் பெயர்தான்.

அருங்காட்சியகமே வீடு

இஷி அந்த அருங்காட்சியகக் கட்டிடத்திலேயே தங்கினார். உதவிப் பணியாளர் வேலை, மாதச் சம்பளம் 25 டாலர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பொதுமக்கள் முன்னால் கல்லில் அம்பு முனை செதுக்கிக் காட்டுவார், தீக்கடைந்து காட்டுவார். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். வாழ்நாளில் மொத்தமாக சில டஜன் மனிதர்களை மட்டுமே சேர்ந்து பார்த்தவர் அவர். கடற்கரைக்கு அழைத்துப் போனபோதும் அவரை அசத்தியது கடல் இல்லை, அங்கே இருந்த ஜனக்கூட்டம்.

ஆய்வாளர்கள் அவர் சொன்ன கதைகளையும் பாடல்களையும் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். 148 உருளைகள், ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும் குரல். 1915 கோடையில் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் அவரோடு உட்கார்ந்து யாஹி மொழியை எழுதி எடுத்தார்.

இங்கே ஒரு விஷயத்தை நேராகப் பார்க்க வேண்டும். குரோபரும் வாட்டர்மேனும் இஷியிடம் அன்பாகத்தான் இருந்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு மனிதர் அருங்காட்சியகத்தில் குடியிருந்து, வாரம் ஒருமுறை பார்வையாளர் முன் உட்கார வேண்டியிருந்தது. அதை இன்று எளிதாகக் கடந்துபோக முடியாது. அவர் நண்பரா, ஊழியரா, ஆய்வுப் பொருளா? அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கே அதில் தெளிவு இருந்த மாதிரி தெரியவில்லை.

மருத்துவர் மாணவரானார்

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துக் கட்டிடம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி. அங்கே அறுவை சிகிச்சை ஆசிரியராக இருந்தவர் சாக்ஸ்டன் போப். 1912-ல் இஷியைச் சந்தித்தபோது அவருக்கு 30-களின் பிற்பகுதி. சிகிச்சைக்காகப் பார்க்க வந்தவர், நண்பராகிவிட்டார். போப்புக்குக் கைவித்தை தெரியும், காசை மறைத்துக் காட்டுவார். இஷியைப் பொறுத்தவரை அவர் நல்ல வைத்தியர் என்பதற்கு அதுவே பெரிய சான்று.

இஷி வில் செய்வதைப் பார்த்த போப் தானும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அருங்காட்சியகத்தில் வேடிக்கை பார்ப்பவராக இருந்த ஒருவர், கற்றுக்கொள்ளும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். இங்கே யார் குரு, யார் சீடர் என்பதில் குழப்பமே இல்லை. இருவரும் சேர்ந்து மரம் தேடினார்கள், வில் செய்தார்கள், முயல் வேட்டைக்குப் போனார்கள். இஷி விரலை உதட்டில் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி ஒலி எழுப்புவார். முயல்கள் புதரைவிட்டு எட்டிப் பார்க்கும்.

கற்றுக்கொண்டதை எல்லாம் போப் அளந்து எழுதி வைத்தார். யாஹி வில்வித்தை பற்றிய அவருடைய ஆய்வு 1918-ல் வெளியானது. இஷியின் வில் எப்படி இருந்தது என்று இன்று அங்குலக் கணக்கில் சொல்ல முடிவதற்கு அந்த ஆய்வுதான் காரணம்.

இஷி வில் செய்த விதம்

அவருக்குப் பிடித்த மரம் மலை ஜூனிப்பர். வில்லின் நீளம் சுமார் 42 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இஷி அளவுகோல் பார்க்கவில்லை. பக்கவாட்டில் நீட்டிய கையின் நுனியிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை, அதுதான் கணக்கு. இரண்டு கைகளும் நடுப்பகுதியில் சுமார் இரண்டு அங்குல அகலம், அரை அங்குலத் தடிமன். பிடி மட்டும் ஒடுங்கி, கொஞ்சம் கனமாக இருக்கும். முழுசாக இழுக்க 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ விசை வேண்டும்.

இதற்குப் பின்னால் உள்ள அறிவியல் எளிமையானது. வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் இழுபடும். அதை வில்லின் முதுகு என்பார்கள். எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் நசுங்கும். அது வயிறு. மரம் ஓரளவுக்கு மேல் இழுபட்டால் முதுகில் நார் பிரிந்து உடைந்துவிடும். வில் சிறியதாக இருந்தால் வளைவு அதிகம், ஆபத்தும் அதிகம். புதருக்குள் ஊர்ந்து வேட்டையாடும் இஷிக்கு ஆள் உயர வில் ஒத்துவராது. அப்போ என்ன பண்றது?

முதுகில் மரத்தைவிடப் பல மடங்கு நீளக்கூடிய இன்னொரு பொருளை ஒட்டுவதுதான் வழி. இஷி மான் காலின் தசைநாரை எடுத்து, மெல்லிய இழைகளாகப் பிரித்து, வாயில் போட்டு மென்று மிருதுவாக்குவார். சால்மன் மீன் தோலைக் கொதிக்க வைத்துப் பசை எடுப்பார். தச்சர்களின் வஜ்ஜிரப் பசை மாதிரியான சமாச்சாரம்தான் அது. வில்லின் முதுகைச் சொரசொரப்பாக்கி, பசையில் இழைகளை வரிசையாகப் படியவைத்து, மரப்பட்டை நாடாவால் சுற்றிக் கட்டிக் காயவிடுவார். காயும்போது தசைநார் சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

நாணும் தசைநார்தான், மென்று முறுக்கியது. அம்புக்கு ஹேசல் குச்சி. தணலில் வாட்டி நேராக்கி, பின்முனையில் மூன்று இறகுகளைக் கட்டுவார். முனைக்கு எரிமலைக் கண்ணாடி. சான் ஃபிரான்சிஸ்கோவில் பீர் பாட்டில், மருந்து பாட்டில் கண்ணாடியும் கிடைத்தது, அதிலும் செய்தார். மான் கொம்பால் ஓரங்களை அழுத்தி அழுத்திச் சில்லு எடுப்பார். ஒரு முனைக்கு அரை மணி நேரம்.

வில்லைப் பயன்படுத்தாதபோது நிறுத்தி வைக்க மாட்டார், படுக்க வைப்பார். நின்றுகொண்டிருந்தால் வில் வேலை செய்துகொண்டே இருந்து களைத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. சில நேரம் வில்லின் ஒரு முனையை வாயோரம் வைத்து, நாணை அம்பால் தட்டி இசை எழுப்புவார்.

நாணை இழுப்பதிலும் வித்தியாசம் உண்டு. ஐரோப்பியர் மாதிரி மூன்று விரலால் இல்லாமல் கட்டைவிரலால் இழுப்பார், கிட்டத்தட்ட மங்கோலிய முறை. குந்தி உட்கார்ந்தபடியே எய்வார். தூரத்து வட்டப் பலகையைக் குறிவைக்கும் போட்டியில் அவர் பெரிய ஆள் இல்லை என்று போப்பே பதிவு செய்திருக்கிறார். வேட்டையில், கிட்டத்தில், சத்தமில்லாமல் நெருங்கிப் போய் எய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய வில் எதற்காக உருவானதோ அந்த வேலை அதுதான்.

ஊருக்கு ஒரு பயணம்

1914 மே மாதம் குரோபர், வாட்டர்மேன், போப், போப்பின் மகன் ஆகியோர் இஷியோடு டீர் க்ரீக்குக்குப் போனார்கள். இஷிக்கு முதலில் விருப்பமே இல்லை. அங்கே இருந்ததெல்லாம் இறந்தவர்களின் நினைவுகள். ஆனாலும் போனார். எங்கே ஊர் இருந்தது, எங்கே மீன் பிடித்தார்கள், எந்தச் செடிக்கு என்ன பயன் என்று காட்டினார். வரைபடங்களும் நூற்றுக்கணக்கான சொற்களும் அந்தப் பயணத்தில் பதிவாயின. முடிந்ததும் அவர் அங்கேயே தங்கிவிடவில்லை, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே திரும்பினார். ஊர் என்பது நிலம் மட்டும் இல்லையே, ஆட்களும்தானே?

நோய், மரணம், மீறப்பட்ட விருப்பம்

கூட்டத்திலிருந்து விலகி வாழ்ந்த உடம்புக்கு நகரத்து நோய்கள் புதுசு. வந்த முதல் குளிர்காலத்திலிருந்தே சளியும் காய்ச்சலும் அவரை விடவில்லை. கடைசியில் காசநோய். 1915-ல் நிலைமை மோசமானது. அருங்காட்சியகத்தில் வெயில் வரும் ஒரு காட்சிக்கூடத்தைக் காலி செய்து அவருக்குப் படுக்கை போட்டார்கள். 1916 மார்ச் 25 அன்று அவர் இறந்தார். சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தவர் போப்.

யாஹி வழக்கப்படி உடலைச் சிதைக்காமல் எரிக்க வேண்டும். இஷி மருத்துவப் பள்ளியில் பிரேதப் பரிசோதனைகள் நடப்பதை அறிந்திருந்தார், அது அவருக்குப் பிடிக்கவும் இல்லை. அப்போது நியூயார்க்கில் இருந்த குரோபர், அப்படி எதுவும் செய்யக்கூடாது என்று கடுமையாக எழுதினார். கடிதம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போப் வேலை பார்த்த அதே மருத்துவப் பள்ளியில் உடற்கூறாய்வு நடந்தது. மூளையை எடுத்துத் தனியாக வைத்தார்கள்.

மீதி உடலை எரியூட்டினார்கள். கூடவே அவருடைய வில் ஒன்று, ஐந்து அம்புகள், ஒரு கூடை ஓக் கொட்டை மாவு, சிப்பி மணிகள், புகையிலை, எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் ஆகியவற்றை வைத்தார்கள். ஒரு யாஹி வேட்டைக்காரரின் கடைசிப் பயணத்துக்குத் தேவையானதை எல்லாம் நண்பர்கள் யோசித்து வைத்தார்கள். அவருடைய மூளையை மட்டும் வைக்கவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் வேதனை. பிரேதப் பரிசோதனையை எதிர்த்து எழுதிய அதே குரோபர், 1917 தொடக்கத்தில் அந்த மூளையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே அது சேகரிப்பில் ஒரு பொருளானது. வெளியுலகம் அதை மறந்தேபோனது.

அந்த வில் எங்கே போனது?

இஷி இறந்த பிறகும் போப் வில்லை விடவில்லை. அவருக்கு வில் கற்றுக்கொடுத்தது இஷி மட்டும் இல்லை. வில் காம்ப்டன் என்ற நண்பர் வழியாக ஆங்கிலேய நீள வில்லும் அவரிடம் வந்தது. பின்னாளில் போப் அதிகம் செய்தது யூ மரத்தில் நீள வில்கள்தான். ஆனால் வில்லோடு காட்டுக்குள் போகிற ஆசைக்கு விதை இஷி போட்டது.

1923-ல் வில் அம்பு வேட்டை பற்றி போப் எழுதிய புத்தகம் வந்தது. வில்லையும் அம்பையும் வீட்டில் எப்படிச் செய்வது என்ற விளக்கமும், இஷியின் கதையும் அதில் இருந்தன. அமெரிக்காவில் பல இளைஞர்கள் அதைப் படித்துத்தான் முதல் வில்லைச் செய்தார்கள். போப் 1926-ல் நிமோனியாவில் இறந்தார். அவருடைய வேட்டைத் தோழர் ஆர்ட் யங் அலாஸ்காவில் வில்லோடு எடுத்த படத்தைத் திரையிட்டுக்கொண்டிருந்தார். டெட்ராய்ட் நகரத்தில் அந்தப் படத்தைப் பார்த்த ஓர் இளைஞர் மயங்கிப்போனார். அவர் பெயர் ஃபிரெட் பேர். யங்கிடம் வில் செய்யக் கற்றுக்கொண்ட அவர், பின்னர் அமெரிக்காவின் மிகப் பிரபலமான வில் தயாரிப்பாளரானார். மர அடுக்குகளோடு ஃபைபர்கிளாஸை ஒட்டிய வில்களைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முன்னோடி. இஷியிலிருந்து போப், போப்பிடமிருந்து யங், யங்கிடமிருந்து பேர் என்று சங்கிலி போகிறது.

இன்று வீட்டில் முழுக்க மரத்திலேயே ஒட்டு வில் செய்பவர்கள், ஒரு வகையில் ஃபைபர்கிளாஸுக்கு முந்தைய கேள்விக்கே திரும்பிப் போகிறார்கள். முதுகுக்கு இழுவை தாங்கும் ஹிக்கரியோ மூங்கிலோ, வயிற்றுக்கு நசுங்கலைத் தாங்கும் யூ, ஒசேஜ் மாதிரியான மரம். இரண்டுக்கும் நடுவே தேவைப்பட்டால் இன்னொரு மெல்லிய தகடு. எல்லாவற்றுக்கும் பசை தடவி, வளைந்த அச்சில் வைத்து, வரிசையாக இடுக்கி போட்டு இறுக்கிக் காயவிடுவது. முதுகுத் தகட்டில் நார் ஓட்டம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் இருக்க வேண்டும். காய்ந்த பிறகுதான் நிஜ வேலை: கொஞ்சம் சீவு, கொஞ்சம் இழுத்துப் பார், இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா பார், மறுபடி சீவு. அவசரப்பட்டு ஒரு இடத்தில் அதிகம் சீவினால் வில் அங்கேயே மடியும்.

பொருட்கள் மாறியிருக்கலாம். மான் தசைநாருக்குப் பதில் ஹிக்கரி, சால்மன் தோல் பசைக்குப் பதில் எபாக்ஸி. ஆனால் முதுகுக்கு இழுபடும் பொருள், வயிற்றுக்கு நசுங்கலைத் தாங்கும் பொருள், நடுவில் நம்பிக்கையான பசை என்ற கணக்கு அதேதான். இதை இஷி கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. உலகின் பல இடங்களில் பல இனங்கள் இதே கணக்கைப் போட்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கை முன்னால் உட்கார்ந்து, தன் கையால் செய்து, இன்னொருவர் கைக்கு மாற்றிக்கொடுத்த மனிதராக அமெரிக்க வில் உலகம் இஷியை நினைவில் வைத்திருக்கிறது.

83 வருடம் கழித்து

1961-ல் குரோபரின் மனைவி தியோடோரா குரோபர் எழுதிய புத்தகம் இஷியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. மூளை எங்கே என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. 1990-களின் பிற்பகுதியில் ஓரோவில் அமைந்துள்ள பட் கவுண்டியின் பழங்குடியினர் அவருடைய எச்சங்களைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவர முயற்சி எடுத்தார்கள். மானுடவியலாளர் ஓரின் ஸ்டார்ன் உள்ளிட்டோர் பழைய கடிதங்களைத் தோண்டினார்கள். 1999-ல் விடை கிடைத்தது: மூளை இன்னும் ஸ்மித்சோனியன் சேகரிப்பில்தான் இருக்கிறது.

யாரிடம் ஒப்படைப்பது? கடைசி யாஹி என்று எல்லோரும் சொல்லி வந்ததால், அவருக்கு உறவினர்களே இல்லை என்று பலர் நினைத்துவிட்டார்கள். அது சரியில்லை. யானா வம்சாவளியினர் ரெடிங் ரான்செரியா, பிட் ரிவர் ஆகிய பழங்குடிச் சமூகங்களில் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். இஷியின் அம்பு முனைகள் அண்டை இனங்களின் பாணியை ஒத்திருப்பதால், அவருடைய வம்சம் கலப்பாக இருந்திருக்கலாம் என்றும் ஸ்டீவன் ஷாக்லி என்ற தொல்லியலாளர் 1990-களிலேயே எழுதியிருந்தார். இஷிக்குச் சொந்தம் என்று உரிமையோடு கேட்க ஆட்கள் இருந்தார்கள். கேட்கவும் செய்தார்கள்.

2000 ஆகஸ்டில் மூளை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகே கோல்மா கல்லறையில் ஒரு மண் ஜாடியில் இருந்த சாம்பலும் அதனோடு சேர்ந்தது. இரண்டையும் அவருடைய பூர்வீக மலைப்பகுதியில் புதைத்தார்கள். 2021 ஜனவரியில் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் மானுடவியல் கட்டிடத்திலிருந்து குரோபரின் பெயரை நீக்கியது. இஷியை நடத்திய விதமும் அந்த விவாதத்தில் ஒரு பகுதியாக இருந்தது.

யாஹிகள் ஒளிந்து வாழ்ந்த அந்தப் பள்ளத்தாக்குகளின் ஒரு பகுதி 1984 முதல் இஷி வனப்பகுதி என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது. யார் வேண்டுமானாலும் போய் நடக்கலாம். ஆனால் அவரை எங்கே புதைத்தார்கள் என்பதை மட்டும் அவருடைய மக்கள் வெளியே சொல்லவில்லை.